பார்த்து எழுதுவதும் தானாக எழுதுவதும்

காது கேளாத மாணவர்களின் நோட்டுகளைப் புரட்டினால் முதலில் கண்ணில் படுவது கையெழுத்து. வரி கோணாது, அடித்தல் திருத்தல் இராது. அதே மாணவரிடம் வெள்ளைத் தாளைக் கொடுத்து, "நேற்று வீட்டில் என்ன நடந்தது?" என்று எழுதிக் கேட்டால், அந்தக் கேள்வியையே அழகாகத் திருப்பி எழுதித் தருபவர் உண்டு. "நேற்று நான் அம்மா கடை போ" என்று சொற்களை மட்டும் அடுக்குபவரும் உண்டு. பத்தாண்டு பள்ளியில் இருந்த பிறகும் இப்படி என்றால், பிழையைப் பிள்ளையின் அறிவில் தேடக் கூடாது. கற்பித்த வழியில் தேட வேண்டும். தமிழ்நாட்டில் இன்று வழங்கும் வழிகள் மூன்று. அவற்றை எடைபோட்டு, எது நிற்கும் என்று சொல்ல இந்தக் கட்டுரை முயல்கிறது.

எடைக்கற்கள் இரண்டு. ஒன்று: பள்ளியை முடித்து வரும் பிள்ளை, தன் மனத்தில் உள்ளதை, தன்னை அறியாத ஒருவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி தமிழில் எழுத முடிகிறதா? மதிப்பெண், தேர்ச்சி விழுக்காடு, ஆண்டு விழா மேடையில் பேசிக் காட்டும் நான்கு சொற்கள் எல்லாம் இதற்குப் பின்னால்தான். இரண்டு: அந்த வழி வசதியும் ஓய்வும் உள்ள பெற்றோரோடு நின்றுவிடாமல், அன்றாடக் கூலிக்குப் போகும் வீட்டுக்கும் எட்டுமா?

இரண்டாவது எடைக்கல்லுக்காக மரக்காணம் கடற்கரையை மனத்தில் வைத்துக்கொள்வோம். விழுப்புரம் மாவட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி விரிந்த உப்பளங்கள். அருகே கழுவெளிச் சதுப்பு நிலம். வெயில் ஏறும் முன் பாத்தியில் இறங்கி உப்பு வாரும் குடும்பங்கள் இங்கே வாழ்கின்றன. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வேலை நிற்கும். அந்த மாதங்களுக்கென உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அதற்கும் ஒரு விண்ணப்பம், ஒரு கையெழுத்து வேண்டும். தெற்கே பிள்ளைச்சாவடியில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்குமான ஆனந்தரங்கப்பிள்ளை அரசு சிறப்புப் பள்ளி இருக்கிறது; ஆனால் அது புதுச்சேரி அரசின் பள்ளி. புகழ்பெற்ற பழைய பள்ளிகள் சென்னையிலும் பாளையங்கோட்டையிலும் உள்ளன. விடுதிக்கு அனுப்ப மனம் வராத உப்பளத் தொழிலாளியின் பிள்ளைக்கு உள்ளூர் அரசுப் பள்ளியும், வட்டார வள மையத்திலிருந்து குறித்த நாட்களில் வந்துபோகும் சிறப்பாசிரியரும்தான் துணை. இந்தப் பிள்ளைக்கு உதவாத முறையைத் தமிழ்நாட்டுக்கான முறை என்று சொல்ல நான் தயாராக இல்லை.

உதட்டில் தெரியாத இலக்கணம்

முறைகளுக்குள் போகும் முன், தமிழ் தரும் தனிச் சிக்கலைப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட கற்பித்தல் நூல்களில் இது கிடைக்காது.

உதட்டை மட்டும் பார்த்தால் 'பணம்', 'மணம்' இரண்டும் ஒன்றே. 'படம்', 'மடம்' ஒன்றே. 'பாலை', 'மாலை' ஒன்றே. ககரமும் ளகரமும் ழகரமும் வாயின் உள்ளே பிறப்பவை. வெளியே பெரிதாகத் தெரிவதில்லை. சொல் நிலையிலேயே இவ்வளவு மறைகிறது என்றால், இலக்கணம் இன்னும் மறைகிறது. தமிழ் தன் இலக்கணத்தைச் சொல்லின் வாலில் வைத்திருக்கிறது. பாத்தியை, பாத்தியில், பாத்திக்கு, பாத்தியிலிருந்து: பொருள் மாறுவது கடைசி அசையில். வாரினேன், வாரினாய், வாரினான், வாரினாள், வாரினார்: யார் செய்தார் என்பதும் கடைசி அசையில். பேச்சில் மிகத் தேய்வதும் அந்தக் கடைசி அசைதான். 'வந்தான்' மூக்கொலியாய்க் கரைந்து முடிகிறது. 'வந்தாள்' என்பது 'வந்தா' ஆகிறது. உதட்டைப் பார்ப்பவருக்கும், கருவி வழியாக அரைகுறையாகக் கேட்பவருக்கும் இரண்டும் ஒன்றாகவே போய்ச் சேர்கின்றன.

இதோடு பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் வேறு வேறாக நிற்கும் நிலை. வீட்டில் உதட்டில் ஓடுவது 'வந்துட்டாங்க'. பாடநூலில் இருப்பது 'வந்துவிட்டார்கள்'. காது கேட்கும் பிள்ளை இரண்டையும் ஆயிரம் முறை கேட்டுத் தானே இணைத்துக்கொள்கிறது. காது கேளாத பிள்ளைக்கு அந்த ஆயிரம் முறை கிடைப்பதில்லை. அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளில் 2022 முதல் நடக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் பாட்டையும் கதையையும் ஒலியையும் பிடித்தே எழுத்துக்கு வருகிறது. கேட்கும் பிள்ளைக்கு அது நல்ல படி. கேளாத பிள்ளைக்கு அந்தப் படியே இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பேச்சில் தேய்ந்துபோகும் உருபும் விகுதியும் தாளில் தேய்வதில்லை. 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தார்' என்று அச்சில் மூன்றும் தெளிவாக வேறுபடுகின்றன. காது கேளாத பிள்ளை தமிழை முழுமையாகப் பார்க்கக்கூடிய ஒரே இடம் எழுத்து. இதை உணர்ந்த முறை எது, உணராத முறை எது என்பதே இனி வரும் ஒப்பீட்டின் உள்ளீடு.

முதல் வழி: பேச்சின் மூலம் எழுத்து

1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, காது கேளாதோர் பள்ளிகளில் சைகையை விலக்கிப் பேச்சையே பயிற்று மொழியாக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அதன் நிழல் உலகெங்கும் நூறாண்டுக்கு மேல் விழுந்தது. 2010-இல் கனடாவின் வான்கூவரில் கூடிய மாநாடுதான் அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது.

அதனால் பேச்சுவழிக் கல்வி முழுதும் பிழை என்று தள்ளிவிட முடியாது. சென்னையில் 1969-இல் தொடங்கிய பால வித்யாலயா, குழந்தை மிகச் சிறியதாக இருக்கும்போதே எடுத்துக்கொண்டு, கருவி அணிவித்து, தாயையும் உடன் அமர்த்திப் பயிற்றுகிறது. அங்கு பயின்ற பிள்ளைகள் பொதுப் பள்ளிகளுக்குப் போயிருக்கிறார்கள். உட்செவியில் மின்னணுக் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சை இந்த வழிக்குப் புது வலிமை தந்தது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்கு அது கிடைப்பது தமிழ்நாட்டின் பெருமைகளில் ஒன்று. நேரத்தோடு கண்டுபிடித்து, நேரத்தோடு கருவி பொருத்தி, பயிற்சி விடாமல் நடந்த பிள்ளைகள் பலர் நன்றாகப் பேசுகிறார்கள்; எழுதுகிறார்கள். இதை மறுப்பது நேர்மை ஆகாது.

ஆனால் நிபந்தனைகளைக் கவனியுங்கள். நேரத்தோடு கண்டுபிடிக்க வேண்டும். வாரந்தோறும் நகரத்துக்குப் பயிற்சிக்குப் போக வேண்டும். பெற்றோரில் ஒருவர் ஒவ்வொரு முறையும் அன்றைய கூலியை விட வேண்டும். வெளிக்கருவியைப் பல ஆண்டுகள் பழுதில்லாமல் காக்க வேண்டும். மின்னணுக் கருவிக்கு ஈரமும் வியர்வையும் உப்புக் காற்றும் பகை; உப்பளக் கரையில் மூன்றும் உண்டு. காதில் மாட்டும் கருவிக்கான அச்சையும், பிள்ளை வளர வளர மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தத் தொடரில் ஒரு கண்ணி அறுந்தால் பேச்சும் வராது. பேச்சின் தோளில் ஏறி வரவேண்டிய எழுத்தும் வராது. அதற்குள் மொழி கற்கும் முதல் ஐந்தாறு ஆண்டுகள் கடந்துபோயிருக்கும்.

பேச்சுவழி கோலோச்சிய நாடுகளின் விளைவும் பதிவாகியிருக்கிறது. கான்ராட் என்ற உளவியலாளர் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளியை முடிக்கும் வயதில் இருந்த காது கேளாத ஆங்கிலேய மாணவர்களின் வாசிப்புத் திறன், நடுநிலையில், ஒன்பது வயதுப் பிள்ளையின் அளவில் நின்றது. பயிற்சி பெற்ற ஆசிரியர், கருவி, சிறிய வகுப்பு எல்லாம் இருந்த நாட்டில், காக்ளியருக்கு முந்தைய காலத்தில், இது நிலை. முதல் எடைக்கல்லில் இந்த வழி சிலருக்குத் தேறுகிறது; இரண்டாவதில் தேறவில்லை. இதை முதன்மை வழியாக வைப்பது, தவறினால் திரும்பிவர இடமில்லாத பந்தயத்தில் பிள்ளையை வைப்பதாகும்.

இரண்டாம் வழி: பார்த்து எழுதி, மனப்பாடம் செய்து

எந்தக் கொள்கை ஆவணத்திலும் எழுதப்படாத, வகுப்பறைகளில் மிகப் பரவலான வழி இது. ஆசிரியர் பலகையில் வினாவும் விடையும் எழுதுகிறார். மாணவர் பார்த்து எழுதுகிறார். விடையின் வடிவத்தைக் கண்ணால் மனப்பாடம் செய்கிறார். தேர்வில் அப்படியே எழுதுகிறார். சைகை சரியாகத் தெரியாத ஆசிரியரும், பேச்சு எட்டாத மாணவரும் ஒருவரையொருவர் குறை சொல்லாமல் ஆண்டை ஓட்ட இது உதவுகிறது. பரவியதற்குக் காரணமும் அதுவே.

இதற்குள் ஒரு நல்ல கூறு புதைந்திருப்பதைச் சொல்லியாக வேண்டும். வாக்கியத்தைக் கட்டங்களாகப் பிரித்துக் காட்டும் பழக்கம் காது கேளாதோர் கல்வியில் பழையது. தாமும் காது கேளாதவரான அமெரிக்க ஆசிரியை எடித் ஃபிட்ஜெரால்ட் 1926-இல் வெளியிட்ட நூலில், யார், என்ன, எங்கே, எப்போது என்ற தலைப்புகளின் கீழ்ச் சொற்களை நிரப்பி வாக்கியம் கட்டும் சட்டகத்தை அமைத்தார். உருபும் விகுதியும் கண்ணுக்குத் தெரியும்படி நிறம் மாற்றி எழுதிக் காட்டுவது தமிழுக்கு அதைவிடப் பொருந்தும். பாத்தி + இல், உப்பு + ஐ, வாரு + இன் + ஆர் என்று பிரித்துக் காட்டலாம். இலக்கணத்தைக் காதால் பெற முடியாதவர் கண்ணால் பெறட்டும் என்ற எண்ணம் சரியானதே.

தவறு எங்கே என்றால், சட்டகத்தை நிரப்பச் சொல்லும் செய்தி மாணவருடையதாக இல்லாததில். பொருள் புரியாத வாக்கியத்தை நூறு முறை எழுதினாலும் அதிலிருந்து புதிய வாக்கியம் பிறக்காது. நீர் பாயாத பாத்தியில் உப்பு விளைவதில்லை.

தேர்வு முறை இந்தத் தவறைப் பூசி மறைக்கிறது. தமிழ்நாட்டில் காது கேளாத மாணவர் பொதுத்தேர்வில் ஒரு மொழித்தாளிலிருந்து விலக்கு பெறலாம். கூடுதலாக ஒரு மணி நேரமும் உண்டு. கூடுதல் நேரம் நியாயமானது. விலக்கும் இரக்கத்தில் பிறந்ததே. மாணவரின் சுமையை அது உண்மையாகவே குறைக்கிறது; இடைநிற்றலிலிருந்து பலரைக் காத்திருக்கும். ஆனால் அதன் விளைவை யார் சுமப்பது? ஆங்கிலத்தை விட்டவருக்குக் கணினித் துறையின் பெரும்பகுதி மூடிக்கொள்கிறது. எழுதிய ஒரே மொழித்தாளும் மனப்பாடத்தால் தாண்டியதென்றால், அந்த மொழியும் கையில் இல்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் காது கேளாதோருக்கென்றே பட்ட வகுப்புகள் நடக்கின்றன. அடையாற்றில் செயின்ட் லூயிஸ் காது கேளாதோர் கல்லூரி இருக்கிறது. கதவுகள் திறந்திருக்கின்றன. எழுத்து இல்லாமல் அந்தக் கதவைத் தாண்டுபவர் உள்ளே போயும் மனப்பாடத்தையே தொடர வேண்டியிருக்கிறது. முதல் எடைக்கல்லில் இந்த வழி முழுதாகத் தோற்கிறது. எல்லா வீட்டுக்கும் எட்டும் வழிதான். எட்டுவதால் என்ன பயன்?

மூன்றாம் வழி: சைகையில் சிந்தித்து, தமிழில் எழுதி

பிள்ளை முதலில் கண்ணால் முழுதாகப் பெறக்கூடிய ஒரு மொழியைப் பெறட்டும். அந்த மொழியில் பேசவும் கேட்கவும் வாதிடவும் கதை சொல்லவும் பழகட்டும். அதிலிருந்து எழுத்துத் தமிழுக்குப் பாலம் கட்டலாம் என்பது மூன்றாம் வழி. அந்த முதல் மொழி இந்தியச் சைகை மொழி.

சைகை கற்றால் பிள்ளை பேசாது, எழுதாது என்ற அச்சம் பெற்றோரிடம் ஆழமாக இருக்கிறது. சான்று எதிர்ப்பக்கம் நிற்கிறது. ரேச்சல் மேபெரியும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, குழந்தைப் பருவத்தில் ஏதேனும் ஒரு மொழியை, அது சைகையானாலும் பேச்சானாலும், முழுதாகப் பெற்றவர்கள் பின்னாளில் இரண்டாம் மொழியை நன்கு கற்றதைக் காட்டியது. சிறுவயதில் எந்த மொழியும் முழுதாகக் கிடைக்காதவர்களே பின்தங்கினார்கள். முதல் மொழி அடுத்த மொழிக்குத் தடை இல்லை. முதல் மொழி இல்லாமைதான் தடை.

தமிழுக்கு இதில் ஒரு கூடுதல் வாய்ப்பு இருக்கிறது. இந்தியச் சைகை மொழியில் வினைச்சைகை பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. எதிர்மறையும் கடைசியில் வருகிறது. தமிழும் அப்படியே: 'அப்பா இன்று உப்பளம் போகவில்லை.' ஆங்கிலத்துக்குப் போகும் பிள்ளை சொல்வரிசையையே புரட்டிப்போட வேண்டும். தமிழுக்கு வரும் பிள்ளைக்கு வரிசை ஏறத்தாழக் கைவசம் இருக்கிறது. கற்பிக்க வேண்டியது உருபும் காலமும் விகுதியும். 'கொடு' என்ற சைகை கொடுப்பவரிடமிருந்து பெறுபவரை நோக்கி நகர்கிறது. அந்த நகர்வு சேரும் இடத்தில் தமிழ் '-க்கு' வைக்கிறது. காலத்தைச் சைகை 'நேற்று', 'நாளை' என்று முதலில் சொல்லிவிடுகிறது. தமிழ் அதோடு வினைக்குள்ளும் குறிக்கிறது. இரண்டையும் அறிந்த ஆசிரியர் இந்த ஒப்பீட்டைப் பலகையில் பத்து நிமிடத்தில் காட்டிவிடுவார். சைகை அறியாத ஆசிரியரால் ஆண்டு முழுதும் முயன்றாலும் காட்ட முடியாது.

பேச்சுவழியாரிடமிருந்தும் ஒன்றை எடுத்துக்கொள்ளத் தயங்கக் கூடாது. நெதர்லாந்தில் வான் ஊடன் வகுத்த முறை, உரையாடலில் பிள்ளை சொல்ல முயல்வதை ஆசிரியர் பிடித்து, முழு வாக்கியமாக்கி, யார் சொன்னார் என்ற பெயரோடு பலகையில் எழுதி, அதையே வாசிப்புப் பாடமாக்கும். இந்தியப் பள்ளிகளிலும் இது வழங்கியிருக்கிறது. வான் ஊடன் பேச்சை வலியுறுத்தியவர். ஆனால் இந்த முறையின் உயிர் பேச்சில் இல்லை. பிள்ளையின் சொந்தச் செய்தி பாடமாவதில் இருக்கிறது. அந்த உரையாடல் சைகையில் நடந்தால் இன்னும் வளமாக நடக்கும். உல்ரிகே சேஷன் தலைமையிலான குழு இந்தியாவில் நடத்திய எழுத்தறிவுத் திட்டங்களில் காது கேளாதவர்களே பயிற்றுநர்கள். பாடநூலை விட்டுவிட்டு, அன்றாட வாழ்வில் தமக்குத் தேவைப்படும் எழுத்திலிருந்தே பாடம் தொடங்கினார்கள். அங்கே இலக்கு ஆங்கிலம். தமிழுக்கு அந்த அளவில் ஒன்று வேண்டும்.

மறுப்புகளையும் முழு எடையோடு வைப்போம். கனடாவின் மேயர், வெல்ஸ் இருவரும் 1996-இல் கூரிய கேள்வி ஒன்றை எழுப்பினார்கள். சைகை மொழிக்கு எழுத்து வடிவம் இல்லை. அதன் இலக்கணம் வேறு. அப்படியிருக்கச் சைகைத் திறன் தானாக எழுத்துத் திறனாக எப்படி மாறும்? இது நியாயமான கேள்வி. தானாக மாறாது என்பதே என் விடையும். சைகை நன்றாக வந்தும் தமிழ் எழுதத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். சைகை, செய்தியையும் சிந்தனையையும் தருகிறது. தமிழின் உருபையும் விகுதியையும் எழுத்தில்தான், திட்டமிட்டு, நாள்தோறும் கற்பிக்க வேண்டும். இரண்டாம் வழியின் வண்ணக் கட்டங்கள் இங்கேதான் தம் உண்மையான வேலையைச் செய்யும்.

அடுத்த மறுப்பு: பெரும்பாலான காது கேளாத குழந்தைகள் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றன; சைகை அறியாத வீட்டில் அது எப்படி முதல் மொழியாகும்? இது உண்மையான தடை. ஆனால் தாண்டக்கூடிய தடை. 2021 அக்டோபர் 27 அன்று முதலமைச்சர் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கி வைத்தது மரக்காணம் ஒன்றியத்தின் முதலியார்குப்பத்தில்தான். தன்னார்வலர் தெருவுக்கே வந்து மாலையில் பாடம் சொல்ல முடியும் என்பதை இந்தக் கரை கண்டிருக்கிறது. காது கேளாத பெரியவர் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து, காது கேளாத குழந்தை உள்ள வீட்டுக்கு வாரம் இருமுறை அனுப்பி, குழந்தைக்கும் தாய்தந்தைக்கும் அண்ணன் தங்கைக்கும் ஒன்றாகச் சைகை கற்றுத்தர முடியாதா? மழைக்காலத்தில் உப்பளம் மூடியிருக்கும் மாதங்கள் பெற்றோர் வீட்டில் இருக்கும் மாதங்கள். பயிற்சிக்கு அதைவிட நல்ல பருவம் இல்லை.

மூன்றாவது மறுப்பு, ஆசிரியரின் சைகைத் திறன். இதுதான் இந்த வழியின் மெய்யான பலவீனம். சில நூறு சைகைச் சொற்களைத் தமிழ் வாக்கியத்தின் மேல் ஒட்டிக் காட்டுவது சைகை மொழி ஆகாது. 2015-இல் டெல்லியில் அமைந்த இந்தியச் சைகை மொழி ஆய்வு பயிற்சி மையம், 2018-இல் 3,000 சொற்களோடு தொடங்கிய அகராதியை 2021-இல் 10,000 சொற்களாக விரித்தது. காது கேளாதவர்களையே சைகை ஆசிரியர்களாக்கும் பட்டயப் படிப்பையும் நடத்துகிறது. ஆக, வழி இருக்கிறது. பணியிடம்தான் வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், காது கேளாதோருக்கு மிகப் பொருத்தமான மொழியிலும் முறையிலும் கல்வி தரச் சொல்கிறது. சைகை மொழித் தகுதியுள்ள ஆசிரியர்களைப் பயிற்றி நியமிக்கவும் சொல்கிறது. அந்தச் சட்டம் வந்து பத்தாண்டு ஆகிறது.

தீர்ப்பு

முதல் வழி சிலருக்குப் பலிக்கிறது, பலருக்கு எட்டுவதில்லை. இரண்டாம் வழி எல்லோருக்கும் எட்டுகிறது. எவருக்கும் எழுத்தைத் தருவதில்லை. மூன்றாம் வழி, எழுத்தைத் திட்டமிட்டுக் கற்பித்தால், இரண்டு எடைக்கல்லுக்கும் ஈடுகொடுக்கிறது. எனவே சைகை மொழி அடித்தளம். எழுத்துத் தமிழ் அதன் மேல் முதல் தளம். கருவியும் பேச்சுப் பயிற்சியும் கிடைக்கும் பிள்ளைக்குக் கூடுதல் வலிமை. காக்ளியர் பொருத்திய பிள்ளைக்கும் சைகையை மறுக்கக் கூடாது. கருவி பழுதான நாளிலும் அதற்கு ஒரு மொழி கையில் இருக்க வேண்டும்.

இதிலிருந்து மூன்று கோரிக்கைகள் பிறக்கின்றன.

முதலாவது, காது கேளாதோர் பயிலும் ஒவ்வொரு பள்ளியிலும் நாள்தோறும் சொந்த எழுத்துக்கு ஒரு பாடவேளை வேண்டும். மாணவர் தன் நாளைப் பற்றி எழுதட்டும். ஆசிரியர் சிவப்பு மையால் திருத்தாமல், அதே நோட்டில் சரியான தமிழில் பதில் எழுதட்டும். புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப்பிள்ளையின் பெயர் தாங்கிய காது கேளாதோர் பள்ளி இதே கரையில் இருக்கிறது. கண்டதைத் தமிழில் எழுதிவைத்த அந்த மனிதரின் பெயருக்கு இதைவிடப் பொருத்தமான பாடவேளை இல்லை.

இரண்டாவது, மொழித்தாள் விலக்கை ஒரே நாளில் எடுத்துவிடாமல், அதற்கு மாற்றாக வேறொரு தாளை உருவாக்க வேண்டும். சைகைக் காணொளியில் ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துத் தமிழில் எழுதுதல், கடிதம், விண்ணப்பம், குறுஞ்செய்திக்குப் பதில் ஆகியவற்றைச் சோதிக்கும் தாள் அது. ஆண்டுகள் சில இரண்டும் இருக்கட்டும். மனப்பாடத்தால் தாண்ட முடியாத தேர்வு வந்தால் வகுப்பறை தானாக மாறும்.

மூன்றாவது, ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் சைகை மொழியில் தேர்ந்த காது கேளாதவர் ஒருவருக்கு நிரந்தரப் பணியிடம் வேண்டும். அதை மரக்காணத்திலிருந்தே தொடங்கலாம்.

உப்பளத் தொழிலாளியின் காது கேளாத மகள், தன் தந்தையின் மழைக்கால நிவாரண விண்ணப்பத்தைத் தானே எழுதி, கிடைக்காத தொகைக்கு அலுவலகத்துக்குத் தானே கடிதம் எழுத முடிந்தால், நாம் கற்பித்தோம் என்று சொல்லலாம். அதுவரை அவளுடைய அழகான கையெழுத்தைக் காட்டி நாம் பாராட்டுப் பெற்றுக்கொள்வது அவளுக்குச் செய்யும் அநீதி. பள்ளிக் கல்வித் துறையும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையும் ஒன்றாக அமர்ந்து, வரும் கல்வியாண்டிலேயே இந்த மூன்றையும் தொடங்க வேண்டும்.